ஒரு மால்ட், ஒரு ஹாப்ஸ், வேறொன்றுமில்லை

அர்ஜென்டினாவின் தெற்கு மலைப்பக்கத்தில் இருக்கும் எங்கள் எல் போல்சோனில் வீட்டில் பீர் காய்ச்சாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காய்ச்சுகிறவர்களில் செய்முறையை உள்ளபடி சொல்பவர்களை எண்ணுவதற்கு விரலே தேவையில்லை. கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், அது மரியாதை இல்லை. மால்ட் எவ்வளவு, கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூ எவ்வளவு, எத்தனை நாள் புளிக்க விட்டது என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். பாதிரியார் சொன்னாலும் அப்படித்தான். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

வெட்கம் இல்லாததால் இதையே ஒரு விளையாட்டாகவும் ஆக்கிவிட்டோம். ஹாப்ஸ் அறுவடை முடிந்து பாப்லர் மரங்கள் மஞ்சளாகும் நாட்களில் ஒரு ஞாயிறு மதியம், கால்பந்து கிளப்பின் கொட்டகையில் எல்லாரும் பாட்டில்களோடு கூடுவோம். வெளியே சிலுவை மாதிரி நட்ட கம்பியில் ஆட்டுக்குட்டி தீயில் வெந்துகொண்டிருக்கும். காய்ச்சியவர் எழுந்து செய்முறையைச் சொல்ல வேண்டும். குடித்தவர்கள் அதில் எது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்கு விலாக்கறி.

அந்த ஆண்டு சுனில்தா உண்மையையே சொல்வது என்று முடிவு செய்தாள். அதற்குக் காரணம் பீர் இல்லை, ஒலெகாரியோ.

சுனில்தா சுகாதார நிலையத்தில் நர்ஸ். மலைச்சரிவுகளில் தனித்தனியாகக் கிடக்கும் வீடுகளுக்குப் பழைய வேனை ஓட்டிக்கொண்டு போய் ஊசி போடுவாள், கட்டு மாற்றுவாள், கிழவர்களின் கால் நகத்தைக்கூட வெட்டிவிடுவாள். அவளுடைய புருஷன் ஒலெகாரியோ மாகாணச் சாலைத் துறையில் மண் தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அந்த மலைச் சாலைகளைச் செதுக்கியவனே அவன்தான். எந்த வளைவில் வண்டி மெதுவாகும், எந்த ஓடையில் தண்ணீர் ஏறும் என்றெல்லாம் அறிந்தவனுக்கு, மனைவி எப்போது வீடு திரும்பியாக வேண்டும் என்று கணக்குப் போடுவது பெரிய வேலையா?

அவன் அடிக்க மாட்டான், கத்தவும் மாட்டான். அவள் கோட்டைக் கழற்றும்போது மாத்தே இலைக் கசாயம் ஊற்றி நீட்டுவான். யார் வீட்டுக்குப் போனாய் என்று கேட்பான். அவள் சொல்வாள். "அப்புறம்?" என்பான். அப்புறம் ஒன்றுமில்லை என்பாள். அவன் தலையை ஆட்டிக்கொள்வான், ஆனால் முகத்தில் பூட்டு விழுந்துவிடும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சுனில்தா இந்த ஊரில் அவனைத் தவிர இன்னொருவனை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஒரு குளிர்காலச் சாயங்காலம் அவள் மலை மேலே ஒரு பெண்மணியின் கண்களை மூடிவிட்டு வீடு திரும்பினாள். முகம் கழுவிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒலெகாரியோ பனியில் நின்று வேனின் கண்ணாடிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே அவனுடைய துணிமணிகளை இரண்டு தீவன மூட்டைப் பைகளில் திணித்து வாசலில் வைத்தாள். அவன் தம்பி வீட்டுக்குப் போனான்.

இரண்டு வருடம் ஆயிற்று. அவன் இல்லாத வீடு நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியும் சலித்துப்போனது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை, அவளுக்கு அவன்மேல் ஆசை விட்டுப்போகவில்லை. வண்டி ஓட்டும்போது அவன் தப்பும் தவறுமாகப் பாடும் பாட்டு, படுக்கையில் அவன் பக்கத்துச் சூடு, பன்றிக் கொழுப்பில் அவன் பொரித்துத் தரும் ரொட்டி எல்லாமே அவளுக்கு வேண்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் விறகு வெட்டித் தர வருவான். எங்களுக்குக் கோடை முடியும் பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் கோடாரியைத் துடைத்தபடியே கேட்டான்.

"கிழவி, நான் திரும்ப வந்துடட்டுமா? நான் இப்ப பழைய ஆளு இல்ல. மாறிட்டேன்."

"அறுவடை முடியட்டும். கொட்டகைச் சாப்பாடு ஆகட்டும். அன்னிக்குச் சொல்றேன்," என்றாள் சுனில்தா.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அய்தேயைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்தாள். அய்தே ஹாப்ஸ் தோட்டத்தில், கொடியிலிருந்து பூவைப் பிரிக்கும் இயந்திரத்தில் நிற்பவள். அறுவடை முடியும்வரை அவள் கையில் பிசின் கறுப்பாக ஒட்டியிருக்கும், சோப்புக்கும் போகாது. வாயும் அப்படித்தான், எதற்கும் அடங்காது.

"இந்த வருஷம் ஒரே ஒரு மால்ட், ஒரே ஒரு ஹாப்ஸ். அதை வெச்சு ஒரு பீர் காய்ச்சப் போறேன்," என்றாள் சுனில்தா.

"அப்புறம் என்னென்ன போடறே?"

"வேற ஒண்ணும் இல்ல."

"ஏண்டி, வயித்தால போறவனுக்குக் குடுப்போமே வெறும் நூடுல்ஸ், அது மாதிரியில்ல இருக்கும்! மேல ஊத்திக்க ஒரு குழம்பு வேண்டாமா?"

"நூடுல்ஸ் பதமா வெந்திருந்தா அதுவே ருசிதான்."

"உன்னை மாதிரி நர்ஸுக்குத்தான் அது ருசிக்கும்."

அய்தே சிரித்ததில் தப்பில்லை. சுனில்தாவும் ஒலெகாரியோவும் சேர்ந்து காய்ச்சிய காலத்தில் அவர்களுடைய பீரில் இல்லாத சாமான் கிடையாது. புகையில் வாட்டிய மால்ட், கருக வறுத்த மால்ட், தேன், ஆரஞ்சுத் தோல், ராஸ்பெர்ரி, ஒரு தடவை மாத்தே இலைகூட. ஒன்று சரியாக வரவில்லையென்றால் இன்னொன்றைப் போட்டு மூடிவிடலாம். அவன் ஒன்று வேண்டுமென்பான், அவள் வேறொன்று என்பாள், கடைசியில் இரண்டும் பானைக்குள் போகும். ஊரில் அதைப் பாராட்டிக் குடித்தவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்ததில்லை.

இரண்டே சாமான் என்றால் திட்டம் போட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் காய்ச்சிப் பார்த்தவர்கள் இல்லை. அங்கேதான் திட்டமே தேவைப்படுகிறது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லிதான். ஆனால் எவ்வளவு வறுத்தது என்பதில் இருக்கிறது சங்கதி. நிறைய வறுத்ததென்றால் காபிபோலக் கருத்து, தன் வாசனையால் ஊரைக் கூட்டும். சுனில்தா வெளிறிய பில்சன் மால்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு ரொட்டியின் உட்பகுதி மாதிரி ஒரு சாதுவான ருசி, அவ்வளவுதான். அதன் பின்னால் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது.

ஹாப்ஸ் விஷயத்தில் அய்தேக்கு மனத்தாங்கல் வந்துவிட்டது.

"என் வேலியில கொத்துக் கொத்தாத் தொங்குது. பறிச்சுக்கோயேன், கடைக்கு எதுக்குப் போறே?"

"உன் வேலியில இருக்கறது என்ன ஜாதின்னு உனக்குத் தெரியுமா?"

"கொடி ஜாதி."

"அதான் வேண்டாங்கறேன். அங்க மூணு கொடி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. ஒண்ணேதான்னு நான் சொன்னா அது ஒண்ணாவே இருக்கணும்."

கடைசியில் காஸ்கேட் என்று முடிவானது. அது வடக்கே ரொம்ப தூரத்திலிருந்து வந்த கொடி. எங்கள் மண்ணில் வேர்விட்ட பிறகு தன்னுடைய பழைய வாசனையை மறந்துவிட்டது. உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சைப் புல் மணக்கும். கொதி தொடங்கும்போது போட்டால் மணமெல்லாம் ஆவியில் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகு போட்டால் மணம் தங்கும், கசப்பு அவ்வளவாக இறங்காது. ஆகவே எப்போது எவ்வளவு என்பதை வைத்துத்தான் சுனில்தா ஒரு வாரம் யோசித்தாள். ஊசி போடப் போகும் வழியிலும் அதே யோசனைதான். முதலில் ஒரு சிட்டிகை போதும், பெரும்பகுதி அடுப்பை அணைத்த பிறகுதான் என்று ஒரு வழியாக முடிவுக்கு வந்தாள்.

"சரி, இவ்வளவு மெனக்கெடறியே, யாருக்காக?" என்று ஒருநாள் அய்தே பிடித்துக்கொண்டாள்.

சுனில்தா சொன்னாள். "என்ன போட்டேன்னு ஒலெகாரியோகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லப் போறேன். ரெண்டே சாமான். அவன் நம்பினா வீட்டுக்குள்ள வரட்டும். நம்பலேன்னா வரவேண்டாம்."

அய்தே மாத்தே உறிஞ்சுவதை நிறுத்தினாள். "பைத்தியமா உனக்கு? இந்த ஊர்ல பீர் செய்முறையை எவனாவது நம்புவானா? கட்டின பொண்டாட்டி சொன்னாலும், பெத்த தாய் சொன்னாலும் நம்ப மாட்டான். நீ வெக்கிறது பரீட்சை இல்லடி, கண்ணி."

"அவன் செய்முறையை நம்ப வேண்டாம். என்னை நம்பட்டும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல," என்றாள் சுனில்தா. அதற்குமேல் விளக்க அவளுக்குத் தெரியவில்லை.

பீர் சாமான் விற்கும் பசுவால்தோவின் கடையில் மால்ட்டும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் வாங்கினாள். பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காக ஆளாளுக்குப் போடும் சர்க்கரையை மளிகைக் கடையில் வாங்கினாள். தண்ணீரும் ஈஸ்ட்டும் அந்த ஸ்பூன் சர்க்கரையும் எங்கள் ஊரில் கணக்கில் சேராது. அந்த ஞாயிறு ஒலெகாரியோ வந்தபோது மால்ட் மூட்டை மேசைமேல் இருந்தது.

"என்ன காய்ச்சறே?"

"இந்த மால்ட். காஸ்கேட். அவ்வளவுதான்."

அவன் சிரித்தான். "யாருக்குக் காது குத்தறே, கிழவி?"

"யாருக்கும் இல்ல. ரெண்டே சாமான். கொட்டகையிலயும் இதையேதான் சொல்லப் போறேன்."

அவன் அலமாரியைப் பார்த்தான். தேன் புட்டி இருந்தது. மறுபடி அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்து, விழுங்கிக்கொண்டான். "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு விறகு வெட்டப் போனான். அவன் கேட்காமல் விட்டதே சுனில்தாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அன்று அவனுக்கு நல்ல சாப்பாடு போட்டு அனுப்பினாள்.

காய்ச்சிய நாளில்தான் சோதனை வந்தது, அதுவும் அவளுக்கே. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். இனிப்பு இருந்தது, ஆனால் மெலிதாக, ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. கை தானாக அலமாரிக்குப் போய்த் தேன் புட்டியை எடுத்துவிட்டது. இரண்டு கரண்டி விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பீர் தூக்கலாக வரும். ஒலெகாரியோ நம்பினாலும் நம்புவான். ஆனால் அவன் நம்புவது பொய்யாகிவிடும், அந்தப் பொய்யோடு அவள் படுத்து எழுந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் அவன் சந்தேகப்பட்டதெல்லாம் வீண் என்ற அந்த ஒரே ஒரு பெருமைதான் அவளிடம் மிச்சம். அதையும் இரண்டு கரண்டி தேனுக்கு விற்க அவளுக்கு மனம் வரவில்லை. புட்டியை எடுத்துப்போய் அய்தேயின் கையில் கொடுத்து, "இது உன் வீட்லயே இருக்கட்டும்," என்றாள்.

"எனக்கு எதுக்குடி இது?"

"ரொட்டிக்குத் தடவிக்கோ."

பீர் நன்றாகவே வந்தது. மெலிந்த சாறு புளித்து அடங்கிய பிறகு, அதன்மேல் எலுமிச்சைப் புல்லின் மணம் தெளிவாக ஏறி நின்றது. வைக்கோல் நிறம், வெள்ளை நுரை. நான் குடித்தேன், அதனால் சொல்கிறேன். அதுவரை எங்கள் ஊரில் அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை, செய்யத் துணிந்ததில்லை.

கொட்டகையில் அன்று நல்ல கூட்டம். வழக்கம்போல ஒவ்வொருவராக எழுந்து கதை அளந்தார்கள். ஒருவன் மறைத்த கோதுமையைப் பிடித்தோம், பசுவால்தோ மறைத்த கொத்தமல்லி விதையை அவன் மனைவியே காட்டிக்கொடுத்தாள். சுனில்தாவின் முறை வந்தது. அவள் எழுந்து ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

"பில்சன் மால்ட், இந்தப் பள்ளத்தாக்குக் காஸ்கேட், வேற ஒண்ணும் இல்ல."

குடித்தார்கள். பிறகு கூச்சல் கிளம்பியது.

"எலுமிச்சைத் தோல்!"

"தோல் இல்ல, எலுமிச்சை இலை. நர்ஸம்மா தோட்டத்துல தொட்டியில வெச்சிருக்காங்க, நான் பாத்திருக்கேன்."

"தேன் இருக்கு. சத்தியமா இருக்கு."

"சுனில்தா, சொல்றதுதான் சொல்றே, ஒரு பொய்யாவது அழகாச் சொல்லக்கூடாதா?"

அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையசைத்தாள். சிரிப்பு கூடிக்கொண்டே போனது. அய்தே வாயை மூடிக்கொண்டு ஆடு வேகும் பக்கம் திரும்பி நின்றாள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒலெகாரியோ எழுந்தான், கையில் காலிக் கோப்பையோடு.

"பொய் இல்ல. ரெண்டே சாமான்தான். அவ சொன்னா சொன்னதுதான்," என்றான் உரக்க.

"அடடா, வீட்டுக்குப் போக வழி தேடறான் பாரு!" என்று ஒருவன் கத்தினான்.

"தம்பி பொண்டாட்டி சமையல் அலுத்துப் போச்சு போல!"

ஒலெகாரியோ அசரவில்லை. காது சிவந்தபடி நின்றான். "நீங்க என்ன வேணா சொல்லுங்க. அதுல வேற எதுவும் இல்ல."

பாட்டிலைச் சாய்த்து யாருக்கோ ஊற்றப் போன சுனில்தா மேசையில் ஊற்றினாள். பொய்யே இல்லாத செய்முறைக்கு என்ன தீர்ப்புச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வழியாக விலாக்கறியை ஒலெகாரியோவுக்கே கொடுத்தோம். அவன் அதைத் தாளில் சுற்றிக்கொண்டான்.

வெளிச்சம் சாயும் முன்பே கூட்டம் கலைந்தது. அவன் அவளுடைய காலிப் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிவரை வந்தான். சுனில்தா அதற்குள் சொல்ல வேண்டியதை மனத்தில் கோத்து வைத்திருந்தாள். இன்றைக்கே மூட்டையை எடுத்துக்கொண்டு வா, வழியில் ரொட்டி வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான். அதைச் சொல்லும் முன் அவளுக்கு ஒன்றைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது.

"நெசமாவே நம்பினியா?"

"நம்பாம?" அவன் பெட்டியை இறக்கி வைத்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "நானே போய்க் கேட்டேனே! பசுவால்தோ கடையில கேட்டேன். ஒரு மூட்டை மால்ட், ஒரு பொட்டலம் காஸ்கேட், ஈஸ்ட். மளிகைக் கடையிலயும் கேட்டேன், சர்க்கரை மட்டும்தான் வாங்கினியாம். அது பாட்டிலுக்குத்தானேன்னு விட்டுட்டேன். தேன் புட்டிகூட அய்தே வீட்ல இருக்கு, மூடி பிரிக்காம. பாத்துட்டேன். நீ சொன்னது அத்தனையும் நெசம், கிழவி. ஒரு வார்த்தை மாறல."

பரீட்சையில் தேறியவன்போல அவன் காத்து நின்றான். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. கோபத்துக்குப் பதிலாக ரொம்பக் களைப்பாக இருந்தது, இரண்டு வருடமாக உட்காராமல் நின்றிருந்ததைப் போல. அவள் அவனுக்காக வருத்தப்பட்டாள், அதைவிடத் தனக்காக.

"ஒலெகாரியோ," என்றாள் மெதுவாக, "பசுவால்தோ பொய் சொல்லியிருந்தா?"

அவன் இதை யோசித்ததே இல்லை. நெற்றியைச் சுருக்கி, அவள் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல அவளைப் பார்த்தான்.

"அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

சுனில்தா பெட்டியை எடுத்து வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"உன் துணிமணி தம்பி வீட்லயே இருக்கட்டும்," என்றாள். "ஏறு, போற வழியில இறக்கி விட்டுடறேன்."